எண் கொடுப்பது யார்?

திருப்பூரில் பனியன் கம்பெனி அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர், நெட்வொர்க் சர்வீஸ் பார்ப்பது என் தொழில். எனக்கு வரும் ஃபோன் மூன்று விதம். "நெட்டு வர்லீங்க" என்பார்கள். "பிரிண்ட் போகலீங்க" என்பார்கள். "டேலி தொறக்க மாட்டேங்குதுங்ணா, சாயங்காலத்துக்குள்ள பில் போட்டாகணும்" என்பார்கள். போய்ப் பார்த்தால் பல நேரம் மூன்றுக்கும் சிக்கல் ஒரே இடத்தில்தான்: ஐபி முகவரி. ஒரு கணினிக்கு எண்ணே கிடைக்காமல் போயிருக்கும். அல்லது வேறு வரிசை எண் வந்து உட்கார்ந்திருக்கும். அல்லது ஒரே எண்ணுக்கு இரண்டு பெட்டிகள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் நான் முதலில் கேட்பது, "இங்க நம்பர் குடுக்கறது யாருங்க?" என்றுதான். இந்தக் கேள்விக்கான பதில், நான் தொழில் பார்க்கும் காலத்துக்குள்ளேயே பலமுறை மாறியிருக்கிறது. லேன் கார்டு கொடுத்தது, நோட்டு வைத்திருந்த ஆள் கொடுத்தார், சர்வர் கொடுத்தது, பிறகு சுவரில் மாட்டிய பெட்டி கொடுத்தது. சின்ன நெட்வொர்க் பார்க்கும் எங்கள் தொழிலின் வரலாறு, அந்தப் பதில் மாறிவந்த வரலாறுதான். ஒவ்வொரு மாற்றமும் ஒரு பழைய கோளாறை ஒழித்து, ஒரு புதுக் கோளாறைக் கொண்டுவந்தது.

எண் தேவைப்படாத காலம்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் தொழிலுக்கு வந்தபோது, பல அலுவலகங்களில் கறுப்பு கோஆக்ஸியல் வயர்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1973-இல் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் பாப் மெட்காஃபும் டேவிட் போக்ஸும் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட்டின் மலிவு வடிவம் அது. ஒரே வயர் மேசை மேசையாகப் போகும். ஒவ்வொரு கணினியின் பின்னாலும் டி வடிவ பிஎன்சி கனெக்டர். வயரின் இரண்டு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர். ஒரு வயர் 185 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதில் 30 கணினிகளுக்கு மேல் சேர்க்கக் கூடாது.

இந்த அமைப்பில் ஒருவர் நாற்காலியை இழுத்து ஒரு கனெக்டர் கழன்றால் அலுவலகம் முழுக்க நின்றுவிடும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் முதலில் என் கையில் கொடுத்தது மல்டிமீட்டர்தான். எல்லாக் கணினியையும் அணைத்துவிட்டு, ஏதாவது ஒரு டி கனெக்டரில் நடு ஊசிக்கும் வெளி உறைக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். இரண்டு முனை டெர்மினேட்டர்களும் இணையாக நிற்பதால், வயர் நன்றாக இருந்தால் 25 ஓம் பக்கம் காட்டும். 50 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பிறகு வயரை நடுவில் பிரித்து, அங்கே ஒரு டெர்மினேட்டரை மாட்டி, எந்தப் பாதி உயிரோடு இருக்கிறது என்று பார்ப்போம். கெட்ட பாதியை மறுபடி பாதியாகப் பிரிப்போம். நாலைந்து தடவைக்குள் கெட்ட இடம் கைக்கு வந்துவிடும். பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டு போகும் அந்தப் பழக்கம் இன்று வரை எனக்குச் சோறு போடுகிறது.

அந்த நெட்வொர்க்குகளில் ஐபி எண் பற்றிய கவலை கிடையாது. சம்பளக் கணக்கும் ஸ்டாக் கணக்கும் ஓடிய நாவல் நெட்வேர் சர்வர்களில் ஐபிஎக்ஸ் என்ற நெறிமுறை இருந்தது. ஒவ்வொரு லேன் கார்டிலும் தயாரிப்பாளரே பதித்து அனுப்பும் மேக் முகவரியை அது அப்படியே எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் பிரிண்டர் பகிர்வதற்கு நெட்பியூஐ இருந்தது. அதற்குக் கணினியின் பெயர் போதும். வயர் சரியாக இருந்தால் நெட்வொர்க் சரியாக இருக்கும். எண்ணை யாரும் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

நோட்டு வைத்திருந்த மனிதர்

உலகத்தின் வேறு மூலையில் எண்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே கணக்கு வைக்கத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்காவில் ஆர்பாநெட் வளர்ந்தபோது, யாருக்கு எந்த எண் என்று குறித்துவைக்கும் வேலையை ஜான் போஸ்டல் எடுத்துக்கொண்டார். லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது தொடங்கிய வேலை அது. 1998 அக்டோபரில் தன் 55-ஆம் வயதில் இறக்கும்வரை அவர் விடவில்லை. 1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 791 என்ற ஆவணம், இன்றும் நாம் தட்டச்சு செய்கிற நான்கு பகுதி எண்ணை வரையறுத்தது. அதன் பதிப்பாசிரியரும் போஸ்டல்தான். 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுவதும் டிசிபி/ஐபிக்கு மாறியது.

32 பிட் கொண்ட அந்த எண்ணில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள் இருந்தன. அதை ஏ, பி, சி என்று வகுப்புப் பிரித்துக் கொடுத்தார்கள். ஏ வகுப்பு எண் ஒன்றை வாங்கிய நிறுவனத்துக்கு ஏறத்தாழ 1.67 கோடி முகவரிகள். பி வகுப்புக்கு 65,536. சி வகுப்புக்கு 256. சி சின்னதாக இருந்தது, ஏ மிகப் பெரியதாக இருந்தது, எல்லாரும் பி கேட்டார்கள். தொண்ணூறுகள் பிறப்பதற்குள் எண் தீர்ந்துவிடும் என்ற பயம் வந்துவிட்டது.

நம் ஊருக்கு அந்த எண்கள் வந்தது 1995-இல். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. ஒன்பது நாள் கழித்து அமெரிக்காவில் விண்டோஸ் 95 வெளியானது. 1998 நவம்பரில் தனியாருக்கும் வழி திறந்தபோது, சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே முதல் தனியார் இணைய நிறுவனமாக வந்தது. அதற்குப் பின் ஊருக்கு ஊர் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. நெட்பியூஐயோடு நின்றிருந்த அலுவலகங்களும் பையருக்கு மெயில் அனுப்ப வேண்டும் என்பதற்காக டிசிபி/ஐபியைச் சேர்த்துக்கொண்டன. கோஆக்ஸியல் வயர் போய், எட்டு இழை வயரும் ஹப்பும் வந்தன. ஒரு கணினி கழன்றால் மற்றவை நிற்காது என்ற நிம்மதி கிடைத்தது. அதோடு எண் என்ற புதுத் தலைவலியும் வந்து சேர்ந்தது.

விமான நிலையத்துக்காக வந்த 192.168

எந்த எண்ணைப் போடுவது? உலகக் கணக்கில் எங்களுக்கு எண் வாங்கித் தர யாரும் இல்லை. அதற்கான விடை 1994 மார்ச்சில் ஆர்எஃப்சி 1597 என்ற ஆவணத்தில் வந்திருந்தது. அதை எழுதியவர்களில் ஒருவர் கிறைஸ்லர் கார் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் மாஸ்கோவிட்ஸ். அவர்கள் தரும் உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும்: ஒரு பெரிய விமான நிலையம். வருகை, புறப்பாடு காட்டும் திரைகளுக்கெல்லாம் தனித்தனி முகவரி வேண்டும். ஆனால் வெளியுலகத்தோடு அந்தத் திரைகளுக்கு என்ன பேச்சு? கடைகளின் பில் மெஷினுக்கும் அதே நிலைதான். இப்படி உள்ளுக்குள் மட்டும் புழங்கும் கருவிகளுக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி மூன்று வரிசைகளை ஒதுக்கினார்கள்: 10-இல் தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168. இவற்றில் 10 என்பது ஆர்பாநெட்டே பயன்படுத்திய எண். 1990-இல் ஆர்பாநெட்டை மூடியதும் அது காலியாகக் கிடந்தது.

இந்த யோசனைக்கு அப்போதே கடும் எதிர்ப்பு இருந்தது. 1994 ஜூலையில் எலியட் லியர் முதலான நால்வர் ஆர்எஃப்சி 1627 என்று ஓர் எதிர் ஆவணமே வெளியிட்டார்கள். உலகில் ஒரு எண் ஒருவருக்குத்தான் என்ற நிலையைக் கைவிட்டால், நாளை இரண்டு நிறுவனங்களின் நெட்வொர்க்கை இணைக்க நேரும்போது இரண்டு பக்கமும் ஒரே எண்கள் வந்து முட்டிக்கொள்ளும் என்று எச்சரித்தார்கள். வாதம் இரண்டு வருடம் நடந்தது. 1996 பிப்ரவரியில் இறுதி வடிவமாக ஆர்எஃப்சி 1918 வந்தபோது, எதிர்த்த எலியட் லியரும் அதன் ஆசிரியர்களில் ஒருவராகக் கையெழுத்திட்டிருந்தார். இந்த எண்களை வெளியுலக எண்ணாக மாற்றித் தரும் நாட் என்ற உத்தியும் 1994 மே மாதமே எழுத்தில் வந்துவிட்டது. சின்ன அலுவலகங்களில் ஒரே ஒரு ஃபோன் லைனை வைத்துக்கொண்டு பத்துப் பேர் மெயில் பார்க்க முடிந்ததற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

லியர் சொன்ன முட்டல் திருப்பூரில் நடப்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கட்டிங் யூனிட் ஓரிடம், ஹெட் ஆபீஸ் ஓரிடம். இரண்டும் 192.168.1 வரிசை. முதலாளி இரண்டையும் விபிஎன் போட்டு இணைக்கச் சொல்வார். இங்கே இருக்கும் சர்வரின் எண் அங்கே இருக்கும் பிரிண்டரின் எண்ணாக இருக்கும். கடைசியில் ஒரு யூனிட் முழுக்க எண்ணை மாற்றித்தான் ஆக வேண்டும். அதனால் புதிதாக நான் போடும் எந்த இடத்திலும் 192.168.0, 192.168.1 இரண்டையும் தொடுவதில்லை. யூனிட்டுக்கு ஒரு வரிசை என்று ஆரம்பத்திலேயே பிரித்து வைத்துவிடுவேன்.

யார் முன்னால் வருகிறாரோ அவருக்கு

கையால் எண் போட்ட அந்த வருடங்களில், ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு நோட்டு இருந்தது. அண்ணன் நீள நோட்டில் கோடு போட்டு வைத்திருப்பார்: எண், யாருடைய மேசை, மேக் முகவரி, மாற்றிய தேதி. கேபினெட் முன்பக்கம் அதே எண்ணை மார்க்கரில் எழுதிய செல்லோடேப் துண்டு. சர்வருக்கு 1, அக்கவுண்ட்ஸுக்கு 10 முதல், மெர்ச்சண்டைசர்களுக்கு 20 முதல், பிரிண்டருக்கு 50 முதல் என்று ஒரு வழக்கம். எண்ணில் எந்தப் பகுதி உள் நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் சப்நெட் மாஸ்க் எல்லாவற்றுக்கும் 255.255.255.0. யாராவது மாஸ்க்கில் இரண்டு 255-ஐ விட்டுவிட்டால், உள்ளே ஃபைல் திறக்கும், வெளியே சில தளங்கள் மட்டும் திறக்காது. கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

நோட்டில் இல்லாத ஒரு கணினி உள்ளே வந்ததும் கோளாறு தொடங்கும். ஒரு கம்பெனியில் காலையில் சில நாள் அக்கவுண்ட்ஸ் கணினி வேலை செய்யாது. சில நாள் சாம்பிள் செக்ஷன் கணினி வேலை செய்யாது. இரண்டும் சேர்ந்து ஒருநாளும் வேலை செய்ததில்லை. காரணம் எளிது. கணினி எழுந்ததும் தன் எண்ணைச் சொல்லி, "இந்த நம்பர்ல வேற யாராச்சும் இருக்கீங்களா?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும். 1982-இல் டேவிட் பிளம்மர் எழுதிய ஆர்ப் என்ற நெறிமுறையின் வேலை அது. ஏற்கனவே ஒருவர் அந்த எண்ணில் இருந்து பதில் சொன்னால், பிந்தி வந்த விண்டோஸ் தன் இணைப்பைத் தானே முடக்கிக்கொள்ளும். ஆக, அக்கவுண்டன்ட் அக்கா முதலில் வந்த நாளில் சாம்பிள் செக்ஷன் தம்பிக்கு நெட் கிடையாது. தம்பி முதலில் வந்தால் அக்காவுக்குக் கிடையாது. வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே கோளாறு புரிந்துவிடும்.

விண்டோஸ் 98-இல் ஒரு நல்ல குணம் இருந்தது. எண் முட்டினால் எச்சரிக்கைப் பெட்டி திறந்து, எதிராளியின் மேக் முகவரியையும் சேர்த்தே காட்டும். நோட்டைப் புரட்டினால் ஆள் யாரென்று தெரியும். நோட்டு இல்லாத இடத்தில் ஒவ்வொரு கணினியாகப் போய் வின்ஐபிகான்ஃபிக் சன்னலைத் திறந்து ஒப்பிட வேண்டும். எண்ணை மாற்றினால் ரீஸ்டார்ட் கேட்கும். அதுவரை காத்திருக்க வேண்டும். எக்ஸ்பி வந்தபோது மூலையில் ஒரு சின்ன மஞ்சள் பெட்டி மட்டும் எழும்பியது, அதில் எதிராளியின் முகவரி இல்லை. அது ஈவென்ட் வியூவருக்குள் பதிவாகிறது என்று தெரிந்தவர்கள் தப்பித்தார்கள்.

ஒரே இரவில் எழுதிய கருவி

எங்கள் எல்லாருக்கும் முதல் கருவி பிங். 1983 டிசம்பரில், மேரிலாண்டில் இருந்த அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் மைக் மூஸ் என்பவர் தன் நெட்வொர்க்கில் ஏதோ சரியில்லை என்று கண்டு, ஒரே இரவில் எழுதியது அது. நீருக்கடியில் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனார் தந்திரத்தை அவர் நெட்வொர்க்குக்குக் கொண்டுவந்தார். 2000 நவம்பரில் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். உலகம் முழுக்க எத்தனையோ குடும்பங்கள் அவர் எழுதிய அந்தச் சின்ன நிரலை வைத்துப் பிழைக்கின்றன. அவர் பெயரை என்னிடம் வேலை கற்கிற எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் கீபோர்டைக் கொடுப்பேன்.

பிங் அடிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கார்டில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார். பிறகு 127.0.0.1, பதில் வந்தால் கணினிக்குள் இருக்கும் டிசிபி/ஐபி நலம். அடுத்து தன் சொந்த எண். அடுத்து பக்கத்து மேசை. அடுத்து வெளியே போகும் வழியான கேட்வே. அடுத்து வெளியே ஒரு எண். கடைசியில் ஒரு பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்-இல் சிக்கல். எந்தப் படியில் பதில் நிற்கிறதோ, கோளாறு அந்தப் படிக்கும் முந்தைய படிக்கும் நடுவில்தான். கோஆக்ஸியல் வயரைப் பிரித்துப் பார்த்த அதே முறை. கையில் மட்டும் டெர்மினேட்டருக்குப் பதில் எண் இருக்கிறது.

2004 ஆகஸ்ட்டில் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் வந்து, ஃபயர்வால் தானாகவே இயங்கத் தொடங்கியது. நல்ல கணினியும் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருந்தது. "கார்டு போச்சு" என்று பலர் புது லேன் கார்டு வாங்கி மாட்டினார்கள். அங்கே ஆர்ப் கைகொடுத்தது. பிங் அடித்துவிட்டு ஆர்ப் பட்டியலைப் பார்த்தால், பதில் வராவிட்டாலும் அந்த எண்ணுக்கு எதிரே மேக் முகவரி வந்து நிற்கும். ஃபயர்வால் பேச்சைத் தடுக்கும். ஒரே நெட்வொர்க்குக்குள் ஆள் இருப்பதை மறைக்க அதால் முடியாது. அந்த முகவரியின் முதல் பாதி தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும். அது பிரிண்டரா, கேமராவா, ஃபோனா என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

நோட்டு பெட்டிக்குள் போனது

கையால் எண் போடும் வேலையை ஒழித்தது டிஎச்சிபி. பென்சில்வேனியாவில் பக்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரால்ஃப் டிராம்ஸ் 1993 அக்டோபரில் அதன் முதல் வரையறையை எழுதினார். 1997 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 2131-தான் இன்றும் அடிப்படை. கணினி எழுந்ததும் "எனக்கு ஒரு நம்பர் வேணும்" என்று கேட்கும். சர்வர் ஒரு எண்ணைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கும். பாதிக் காலம் ஓடியதும் கணினியே புதுப்பித்துக்கொள்ளும். சின்ன இடங்களுக்கு அது 1999-இல் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்போடு வந்தது. ஒரு கணினியில் டயல்-அப் மோடம், அதே கணினியில் லேன் கார்டு. இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங் போட்டதும் அந்தக் கார்டு 192.168.0.1 ஆகிவிடும், மற்ற கணினிகளுக்கு எண்ணையும் அதுவே கொடுக்கும். எத்தனையோ பிரவுசிங் சென்டர்கள் இப்படித்தான் ஓடின. கல்லாவில் இருந்த அந்தக் கணினியை யாராவது அணைத்தால் கடையே நின்றது.

பிறகு 2005. அந்த ஜனவரி 1 அன்று உலக ஜவுளி கோட்டா முறை முடிவுக்கு வந்தது. அதே மாதம் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் சேவையைத் தொடங்கியது. ஆர்டர் பெருகும் என்ற நம்பிக்கையில் அலுவலகங்கள் மேசைகளைக் கூட்டின. ஒவ்வொரு மேசைக்கும் ஒரு கணினி. பிராட்பேண்ட் மோடமே ரௌட்டராகவும் டிஎச்சிபி சர்வராகவும் இருந்தது. 192.168.1.1 என்று அடித்தால் அதன் பக்கம் திறக்கும். நீள நோட்டு இனி எதற்கு என்று எல்லாரும் மூட்டை கட்டினார்கள்.

பெட்டிக்குள் போன நோட்டு எவ்வளவு பலவீனமானது என்பதை மின்வெட்டு காட்டியது. 2008-இல் தொடங்கி 2012-இல் உச்சத்துக்குப் போன அந்த நாட்களை மாவட்டங்களில் வாழ்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பல இடங்களில் பகலும் இரவும் சேர்ந்து பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. கணினிகள் யுபிஎஸ்ஸில் இருக்கும். மோடமும் சுவிட்சும் சுவரில் நேரடியாக மாட்டியிருக்கும். கரண்ட் வந்ததும் சுவிட்ச் சில நொடியில் எழுந்துவிடும்; மோடம் எழ ஓரிரு நிமிடம் ஆகும். அதற்குள் கணினி எண் கேட்கும், பதில் வராது, கேட்வேயும் பேசாது. உடனே 169.254-இல் தொடங்கும் ஒரு எண்ணைத் தானே சூட்டிக்கொள்ளும். விண்டோஸ் 98 காலத்திலிருந்து இருக்கும் ஏற்பாடு அது. அந்த எண்ணைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்: கேட்டது, கொடுக்க ஆள் இல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை இன்னொன்று. பல மலிவு ரௌட்டர்கள் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். கரண்ட் போனால் அந்தக் கணக்கு அழியும். யுபிஎஸ்ஸில் இருந்த கணினி பழைய எண்ணோடு வேலை செய்துகொண்டிருக்கும். ரௌட்டர் எழுந்து அதே எண்ணைப் புதிதாகக் கேட்டவருக்குத் தூக்கிக் கொடுக்கும். மோடத்தையும் சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள் என்று நான் வீடு வீடாகச் சொல்லாத குறைதான். அந்த இரண்டையும் சேர்த்தாலும் ஒரு டியூப்லைட் அளவுக்குக்கூடக் கரண்ட் இழுக்காது.

ஒரு பிரிண்டர், இரண்டு ரௌட்டர்

இன்று எனக்கு அதிகம் வரும் கோளாறு பிரிண்டர். ஷிப்பிங் டாக்குமென்ட் எடுக்கும் பிரிண்டருக்குக் கையால் 192.168.1.20 என்று எண் போட்டிருப்பார்கள். ரௌட்டரோ 2 முதல் 254 வரை எல்லா எண்ணையும் தன்னுடையதாக நினைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். பல ரௌட்டர்கள் கொடுக்குமுன் அந்த எண்ணில் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஒருநாள் யாரோ ஒரு விருந்தாளியின் ஃபோனுக்கு 20 போய்விடும். கன்டெய்னர் நிற்கும், பேக்கிங் லிஸ்ட் வராது.

போனதும் பிரிண்டரை அணைத்துவிட்டு 20-க்கு பிங் அடிப்பேன். பதில் வந்தால் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உறுதி. ஆர்ப் பட்டியலில் மேக் முகவரியைக் குறித்துக்கொண்டு, ரௌட்டர் பக்கத்தில் அதே முகவரியைத் தேடுவேன். இப்போது பல ஃபோன்கள் மேக் முகவரியையே மாற்றிச் சொல்வதால் தயாரிப்பாளர் பெயரை நம்ப முடியாது. வைஃபையை ஒரு நிமிடம் அணைத்து, பிங் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். பிறகு நிரந்தர வைத்தியம்: ரௌட்டர் கொடுக்கும் எண்களை 100 முதல் 200 வரை என்று குறுக்கிவிடுவேன். 100-க்குக் கீழே கையால் போடுபவை மட்டும். பிரிண்டர், சர்வர், கேமரா டிவிஆர் எல்லாம் அங்கே. ரௌட்டரில் வசதி இருந்தால் மேக் முகவரிக்கு எண்ணைப் பூட்டியும் வைப்பேன். அதைச் செய்த இடங்களில் அந்தக் கோளாறு திரும்ப வந்ததில்லை.

இரண்டாவது, மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று கடையில் வாங்கிவந்து மாட்டும் இன்னொரு ரௌட்டர். கீழிருந்து வரும் வயரை அதன் லேன் துளையில் செருகிவிடுவார்கள். இப்போது ஒரே நெட்வொர்க்கில் எண் கொடுப்பவர்கள் இருவர். கணினி கேட்டதும் எது முந்திப் பதில் சொல்கிறதோ, அதன் எண்ணை எடுத்துக்கொள்ளும். பாதிப் பேருக்கு 192.168.1 வரிசை, பாதிப் பேருக்கு 192.168.0 வரிசை. டேலி சர்வர் சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது. மதியம் ஆள் மாறும். ஐபிகான்ஃபிக் அடித்து டிஎச்சிபி சர்வர் என்ற வரியைப் பார்த்தால் எண் கொடுத்தது யார் என்று அங்கேயே எழுதியிருக்கும். இரண்டாவது ரௌட்டரில் டிஎச்சிபியை அணைத்து, அதன் சொந்த எண்ணையும் மாற்றிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும்.

எண் தீர்ந்த பிறகு

2011 ஏப்ரலில் ஒரே வாரத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஏப்ரல் 11 அன்று மத்திய அரசு சைபர் கஃபே விதிகளை அறிவித்தது: வருபவரின் அடையாளத்தைப் பதிய வேண்டும், யார் எந்தக் கணினியில் இருந்தார் என்ற பதிவை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும், தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆள் யார் என்ற கணக்கு சட்டமாகவே ஆனது. ஏப்ரல் 15 அன்று, ஆசியாவுக்கு எண் பிரித்துக் கொடுக்கும் ஏப்னிக் அமைப்பு தன் கடைசி இருப்புக்கு வந்து, எண்களை அளந்து கொடுக்கத் தொடங்கியது. போஸ்டல் காலத்து 429 கோடியும் தீர்ந்ததற்கு அடையாளம் அது. அடுத்த ஆண்டு இணைய நிறுவனங்களுக்குள்ளேயே பல வீடுகளை ஒரே வெளி எண்ணின் பின்னால் வைப்பதற்கென்று 100.64 வரிசையை ஒதுக்கினார்கள். ரௌட்டரின் வெளி எண் அந்த வரிசையில் இருந்தால், வெளியூரிலிருந்து ஆபீஸ் சர்வருக்கு நேராக வர வழி இருக்காது. "போர்ட் தொறந்தும் வர்லீங்களே" என்று கேட்பவர்களிடம் முதலில் அந்த எண்ணைத்தான் பார்க்கச் சொல்வேன்.

எண் பஞ்சத்துக்கு மருந்தாக 1995-லேயே எழுதிவைத்த ஐபிவி6, 2016-இல் ஜியோ வந்த பிறகு நம் ஃபோன்களுக்குள் பரவலாகப் புகுந்துவிட்டது. 128 பிட் எண். தீர்வதற்கு வழியே இல்லை. அதில் கருவி தன் எண்ணைத் தானே அமைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் யாராவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். தொடக்கத்தில் மேக் முகவரியிலிருந்தே அந்த எண்ணை உருவாக்கினார்கள். ஐபிஎக்ஸ் காலத்தில் எண் கார்டிலிருந்து வந்தது போல, சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கிறோம். ஆனால் திருப்பூர் அலுவலகங்களுக்குள் பிரிண்டரும் டேலியும் டிவிஆரும் இன்னும் 192.168-இல்தான் இருக்கின்றன. இன்னும் பல காலம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இத்தனை வருடத்தில் நான் கண்டுகொண்டது இதுதான்: ஒரு நெட்வொர்க்கில் எண் கொடுக்கும் கை ஒன்றாக இருக்க வேண்டும், கொடுத்ததை ஒருவர் எழுதிவைக்க வேண்டும். எழுதாத இடத்தில் எந்தப் புதுப் பெட்டியும் உதவவில்லை. நோட்டு இருந்த இடத்தில் கோளாறு பத்து நிமிடத்தில் தீர்ந்தது. இல்லாத இடத்தில் ஒரு பகல் போனது, அந்தப் பகலின் கூலி முதலாளிக்கும் நஷ்டம், வேலை செய்பவர்களுக்கும் நஷ்டம். புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் கிரிம்பிங் டூலோடு ஒரு நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் எண், கருவி, மேசை, மேக் முகவரி, தேதி என்று ஒரு தாளில் எழுதி, ரௌட்டர் பாஸ்வேர்டோடு சேர்த்து அலுவலகப் பொறுப்பாளர் கையில் கொடுங்கள். அதை நம்மிடமே வைத்துக்கொண்டு அவர்களை நம்மை நம்பியே இருக்கச் செய்வது தொழில் தர்மம் ஆகாது. முதலாளிமார்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள், பில்லுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே வாங்குங்கள்.